இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தாசை யார்?

இரட்டைப் பிள்ளை என்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துச் சொன்ன மறுநாளே லயம் முழுக்கச் செய்தி பரவிவிடும். "ரெட்டைப் புள்ளையாம், கொடுத்து வச்சவ" என்பார்கள் சிலர். "ஒண்ண வளக்கவே நாக்கு தள்ளுது, ரெண்டுக்கு என்னா செய்வா?" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால், கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. "பெத்து வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு ஒத்தாசைக்கு யாரு இருக்கா?" என்பதே அந்தக் கேள்வி. மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு ஆயர் குரோ போன்ற இடங்களில் குடியேறிவிட்ட நம் குடும்பங்களிலும் இதைப் பற்றி இன்று பேச வேண்டியிருக்கிறது.

இரட்டைப் பிள்ளை என்பது இப்போது அபூர்வமும் அல்ல. உலகில் பிறக்கும் குழந்தைகளில் 42-க்கு ஒன்று இரட்டையரில் ஒன்று என்றும், ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் ஜோடிகள் பிறக்கின்றன என்றும் 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறியது. 1980-களில் ஆயிரம் பிரசவத்துக்கு 9 என்று இருந்தது, பிறகு 12 ஆக ஏறியது. பெண்கள் வயது கூடிப் பிள்ளை பெறுவதும், பிள்ளையில்லாதவர்களுக்குச் செய்யப்படும் சிகிச்சைகளும் இதற்குக் காரணம். கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் கொடிஞ்ஞி என்ற கிராமத்தில் நூற்றுக்கணக்கான இரட்டையர்கள் இருக்கிறார்கள் என்ற செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். நம் பக்கத்தில் அவ்வளவு இல்லை. ஆனாலும், நம் வாசகர்களில் ஒரு வீட்டிலாவது இப்போது இரண்டு ஏணை ஆடிக்கொண்டிருக்கும்.

அன்று ஆயா இருந்தாள்

டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் ரப்பர், தோட்டப் பயிராக மாறிய கதை நம் மலாக்காவில்தான் தொடங்கியது. அது முதல் நம் பாட்டிமார் பிள்ளை பெற்றதும் தோட்டத்தில்தான், பால் வெட்டியதும் தோட்டத்தில்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். வயதான ஆயா ஒருத்தி பத்துப் பிள்ளைகளுக்கு ஏணை ஆட்டுவாள்.

பிரசவத்துக்கு லயத்திலேயே மருத்துவச்சிக் கிழவி இருப்பாள். பிள்ளை பிறந்த பிறகும் அவள் போய்விட மாட்டாள். தாய்க்கு வெந்நீர் வார்ப்பாள், வயிற்றைக் கட்டிவிடுவாள், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். அடுத்த வீட்டுக்காரி கஞ்சி கொண்டு வருவாள். எதிர் வீட்டுக்காரி துணி அலசிப் போடுவாள். இதற்கெல்லாம் யாரும் சம்பளம் கேட்டதில்லை. "இன்னிக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு" என்பதே அன்றைய ஒப்பந்தம்.

அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நாம் சொல்லவில்லை. ரத்தப் போக்கிலும் பிரசவக் காய்ச்சலிலும் தாய்மார் மாண்ட வீடுகள் எத்தனையோ. 1966-ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம், கிராமத்துக்குக் கிராமம் வந்த அரசாங்க கிளினிக்குகள், பயிற்சி பெற்ற தாதிகள், ஆஸ்பத்திரிப் பிரசவம் ஆகியவை அந்தச் சாவுகளை வெகுவாகக் குறைத்தன. ஆனால் ஒன்றைப் பெற்றபோது இன்னொன்றை இழந்துவிட்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போயின. பிள்ளைகள் ஆயர் குரோ, பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். ஆயாவும் இல்லை, எதிர் வீட்டுக்காரியும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு தனியாக அழுகிறாள்.

டூலா என்றால் யார்?

மேல்நாட்டில் இந்தக் குறையை உணர்ந்து ஒரு புதிய வேலையை உண்டாக்கியிருக்கிறார்கள். அந்த வேலைக்காரிக்கு 'டூலா' என்று பெயர். கிரேக்கச் சொல், பணிப்பெண் என்று பொருள். டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியல் அம்மையார் 1973-இல், தாய்ப்பால் பற்றிய தம் நூலில் இந்தச் சொல்லைப் பரப்பினார். பிள்ளை பெற்றவளுக்குக் கூட ஒருத்தி இருந்து தாங்கினால்தான் பால் நன்றாகச் சுரக்கும் என்பது அவர் கண்ட உண்மை. 1980-இல் குவாத்தமாலா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர்கள் கென்னலும் கிளாவ்ஸும் மற்றவர்களோடு சேர்ந்து செய்த சோதனையில், முன்பின் தெரியாத ஒரு சாதாரணப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னாலே பிரசவ வலியின் நேரம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது தெரிய வந்தது.

பிரசவத்துக்குப் பின் வரும் டூலா, டாக்டரும் அல்ல, நர்சும் அல்ல. ஊசி போட மாட்டாள், மருந்து கொடுக்க மாட்டாள். தாய் தூங்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். பால் கொடுக்கும் முறையைக் காட்டித் தருவாள். ஒரு பானை சோறும் ஒரு குழம்பும் வைப்பாள். "நீ நல்லாத்தான் செய்யிறே" என்று ஒரு வார்த்தை சொல்வாள். நம் ஆயாவும் மருத்துவச்சிக் கிழவியும் செய்த வேலையேதான்! ஹாலந்து நாட்டில் இதற்கென்று பயிற்சி பெற்ற பெண், பிரசவத்துக்குப் பின் எட்டுப் பத்து நாள் வீட்டுக்கே வருகிறாள். அதற்கு இன்சூரன்ஸிலேயே வழி செய்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் சீனக் குடும்பங்கள் ஒரு மாதத்துக்கு ஆள் வைத்துக்கொள்கின்றன. மலாய்க்காரர்கள் 44 நாள் 'பந்தாங்' காத்து, பீடானை வைத்து உருவிவிடுகிறார்கள். நம்மவர்களில் கைக்காசு உள்ளவர் ஆள் வைக்கலாம். இல்லாதவர் என்ன செய்வது? அதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

புதுப்பிள்ளை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். குறைந்த கணக்காக எட்டு என்றே வைப்போம். ஒரு தடவைக்குப் பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, துணி மாற்ற 40 நிமிடம். இரண்டு பிள்ளைக்கும் தனித்தனியாகச் செய்தால் 16 தடவை. மொத்தம் 640 நிமிடம், அதாவது 10 மணி 40 நிமிடம்! இதற்கு மேல் துவைப்பு, சமையல், மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம். அவள் எப்போது தூங்குவாள்? "சும்மாதானே வீட்டில் இருக்கா" என்று சொல்லும் ஆண்பிள்ளைகள் இந்தக் கணக்கைத் திரும்ப ஒரு முறை படிக்க வேண்டும்.

இரண்டு பிள்ளையையும் ஒரே நேரத்தில் மார்பில் போட்டால் இந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும். ஒவ்வொரு பிள்ளையையும் கக்கத்துக்குக் கீழே, கால்கள் முதுகுப்பக்கம் போகும்படி தலையணை மேல் கிடத்தி, இரு கையாலும் தலையைத் தாங்க வேண்டும். ஆரம்பத்தில் தனியாகச் செய்ய வராது. ஒரு பிள்ளையை எடுத்து வைக்க இன்னொருவர் கை தேவை. இங்கேதான் துணையாளின் அருமை தெரியும். முதல் வாரம் ஒவ்வொன்றாகப் பழக்கி, பிறகு இரண்டையும் சேர்ப்பது நல்லது.

"ரெண்டுக்குப் பால் பத்துமா?" என்று கேட்காத மாமியார் இல்லை. பால் என்பது குடத்தில் மொண்டு வைத்த தண்ணீர் அல்ல, ஊற்று. இறைக்க இறைக்கச் சுரக்கும். இரண்டு வாய் சப்பினால் உடம்பு இரண்டுக்கும் தயார் செய்யும். பெரும்பாலான தாய்மாருக்கு இது முடியும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். போதாதபோது டாக்டர் சொற்படி மாப்பால் சேர்த்துக் கொடுப்பதில் வெட்கமும் இல்லை, பாவமும் இல்லை. ஆனால் டின் பால் விலையைப் பார்த்து மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டக் கூடாது. அது பிள்ளையைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

வீட்டில் ஒரு 555 புத்தகம் வாங்கி வையுங்கள். கடைக் கடனுக்கு அல்ல! எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குக் குடித்தது, எப்போது துணி நனைத்தது என்று எழுதுங்கள். தூக்கக் கலக்கத்தில் குடித்தவனுக்கே இரண்டாம் தடவை கொடுத்து, குடிக்காதவனை விட்டுவிடும் ஆபத்து இரட்டையர் வீட்டில் உண்டு. அந்தப் புத்தகத்தைத் தாதியிடமும் காட்டலாம்.

சின்ன உருவம், பெரிய கவனம்

இரட்டைப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையுமுன்பே பிறந்துவிடுகின்றன. இரண்டரைக் கிலோவுக்குக் கீழேயும் பல இருக்கும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும், சப்ப வலு இராது. பால் கேட்டு அழாமலே தூங்கிக் கிடக்கும். "நல்ல புள்ள, அழுவுறதே இல்ல" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். எழுப்பிப் பால் கொடுக்க வேண்டிய பிள்ளை அது.

1970-களின் இறுதியில் கொலம்பியா நாட்டு பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் சூட்டுப் பெட்டிகள் பற்றாமல் போயின. டாக்டர்கள் குறைமாதப் பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டச் சொன்னார்கள். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். ஏழைக்கு வந்த மாற்று வழி என்று உலகம் முதலில் நினைத்தது. 2021-இல் இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கிலும் உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஆராய்ச்சி வெளிவந்தது. மிகச் சிறிய எடைப் பிள்ளைகளைப் பிறந்தவுடனே இப்படி வைத்ததில் சாவு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தாய்க்கு மட்டும் அல்ல, தகப்பனுக்கும் மார்பு இருக்கிறது. ஒரு பிள்ளை தாயிடம், மற்றது தகப்பனிடம். இதைவிட நல்ல ஏற்பாடு எது? ஆஸ்பத்திரித் தாதியிடம் கேட்டு முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் அரசாங்கத் தாதி, பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாளில் பல முறையும் பிறகு இருபதாம் நாள் வாக்கிலும் வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிறாள். மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய முக்கிய வேலை. தாய் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெறுகிறவர்கள் அந்த விலாசத்தை முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் தாதி பூட்டிய வீட்டைத் தட்டிவிட்டுப் போவாள்.

எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

நம் பத்தியத்தில் நல்லது நிறைய இருக்கிறது. சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை, நாட்டுக் கோழி எல்லாம் உடம்பைத் தேற்றும். முப்பது நாள் ஓய்வு என்பது நம் முன்னோர் கொடுத்த பெரிய சலுகை. ஆனால் "தண்ணி குடிச்சா வயிறு ஊதும்" என்று தாயின் வாயைக் கட்டுவது தவறு. இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரும் வேண்டும், பழமும் காயும் வேண்டும். ஆபரேஷன் செய்த வயிற்றில் இறுக்கிக் கட்டுமுன் தாதியைக் கேட்க வேண்டும்.

பிள்ளைக்குத் தேன் தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, வசம்பு உரசி ஊட்டுவது ஆகியவை வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தான நரம்பு நோய் வரக்கூடும். சாம்பிராணிப் புகையைப் பிள்ளையின் முகத்தில் காட்டக் கூடாது. ஜி6பிடி குறை உள்ள பிள்ளை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தால், துணிப் பெட்டியில் அந்துருண்டை போடவே கூடாது, காமாலை ஏறிவிடும். இரண்டு பிள்ளையையும் ஒரே ஏணையில் போடாதீர்கள். தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

அவள் அழுதால்

பிரசவமான முதல் சில நாள் காரணமில்லாமல் கண்ணீர் வருவது வழக்கம். இரண்டு வாரத்துக்குள் அது தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் சாப்பிட மனமில்லை, பிள்ளைகள் தூங்கினாலும் தனக்குத் தூக்கமில்லை, "நான் செத்தாத் தேவல" என்ற பேச்சு, பிள்ளைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று இருந்தால் அது நோய். இரட்டை பெற்றவளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல். பேய் பிடித்தது என்று மந்திரிக்க ஓடாதீர்கள். திமிர் என்று ஏசாதீர்கள். கிளினிக்கில் சொன்னால் மருந்து உண்டு, குணமும் உண்டு. சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல எண்ணுக்குப் பேசலாம். தன்னையோ பிள்ளைகளையோ ஏதாவது செய்துவிடுவேன் என்றாள் என்றால் ஒரு நிமிடமும் தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் துணி முழுதும் நனையும் ரத்தப் போக்கு, காய்ச்சல், கண் இருட்டும் தலைவலி, கெண்டைக்கால் வீங்கி வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 999-க்குப் போன் செய்யுங்கள். இரட்டை சுமந்து விரிந்த கருப்பையில் ரத்தப் போக்கு ஆபத்து அதிகம்.

சட்டம் கொடுக்கும் நாட்கள்

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. நெடுங்காலம் 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பு 98 நாளானது. மாதச் சம்பளக்காரிக்கு மட்டும் அல்ல, நாள் கூலிக்காரிக்கும் இது உண்டு. இரட்டை என்பதற்காக நாள் கூடாது. அதே 98 நாள்தான். பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே விடுப்பைத் தொடங்கலாம். அப்படி 30 நாளையும் முன்னால் எடுத்தால் பின்னால் 68 நாளே மிஞ்சும் என்பதை மறவாதீர்கள்.

விடுப்புக் காலச் சம்பளம் பெற, பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் 90 நாளுக்குக் குறையாமல் அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். கடைசி நான்கு மாதத்தில் எப்போதாவது வேலையில் இருந்திருக்கவும் வேண்டும். ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் உயிரோடு இருந்தால் விடுப்பு உண்டு, சம்பளம் இல்லை. இங்கே எண்ணப்படுவது பிள்ளைகள். ஆகவே இரட்டையர் இரண்டாகக் கணக்கில் சேர்வார்கள்.

தகப்பனுக்கும் 7 நாள் சம்பளத்தோடு தொடர் விடுப்பு உண்டு. மணமானவராகவும், அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்தவராகவும் இருக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்போ, இயன்ற அளவு சீக்கிரமோ அறிவிக்க வேண்டும். ஐந்து பிரசவம் வரை இது கிடைக்கும். இரட்டை பிறந்தாலும் அது ஒரே பிரசவம்தான். இந்த ஏழு நாளைக் கூட்டாளிகளோடு கொண்டாடக் கேட்டு வாங்காதீர்கள்! பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ராத்திரி முறையை ஏற்றுக்கொள்வதற்குத்தான் அது. மறுக்கப்பட்டால் சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிலோ முறையிடுங்கள்.

இன்னொன்று, பிறப்புப் பதிவு. 60 நாளுக்குள் இரண்டு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பதிந்து பிறப்புப் பத்திரம் வாங்கிவிட வேண்டும். இரட்டையர் வீட்டில் இந்த 60 நாள் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளர்ந்து, பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் அலைக்கழிந்த நம் பிள்ளைகள் போதும்.

கைமுறை போடுவோம்

கூலிக்கு டூலா வைக்க வசதி இல்லாத வீட்டுக்கு, ஊரே டூலாவாகலாம். ஏழாம் மாதத்திலேயே குடும்பத்தார் உட்கார்ந்து பேச வேண்டும். இரட்டை முந்திக்கொள்ளும், அதனால் ஒன்பதாம் மாதம் வரை தள்ளக் கூடாது. தாயின் அம்மா முதல் பதினைந்து நாள், மாமியார் அடுத்த பதினைந்து நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே சமயத்தில் இருவரும் வந்து சமையலறையில் மோதிக்கொள்ளவும் வேண்டாம், பிறகு இருவருமே இல்லாமல் போகவும் வேண்டாம். ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒருவர், இரண்டிலிருந்து விடியும் வரை ஒருவர் என்று முறை வைத்தால், தாய்க்குத் தொடர்ந்து நான்கு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். கறந்து வைத்த பாலைக் கொடுத்து அந்தத் தூக்கத்தைக் காக்கலாம்.

அக்கம்பக்கத்தார் வெறுங்கையோடு பிள்ளை பார்க்கப் போகாதீர்கள். ஒரு தூக்குச் சட்டியில் சோறு கொண்டு போங்கள். பிள்ளையைக் கொஞ்சிவிட்டுக் காப்பி கேட்காதீர்கள். அந்த வீட்டுச் சட்டியைக் கழுவி வையுங்கள். இருமல் சளி இருந்தால் போகவே வேண்டாம். "என்ன உதவி வேணும்?" என்று கேட்டால் அவள் "ஒண்ணும் வேணாக்கா" என்றுதான் சொல்வாள். "நான் துணியைத் துவைச்சிட்டு வர்றேன்" என்று வாளியைத் தூக்குங்கள். கோயில் மாதர் குழுக்களும் சங்கத்து மகளிரும் ஒரு பட்டியல் போட்டு, நாளைக்கு ஒரு வீடு என்று நாற்பது நாள் சோறு அனுப்பினால் ஒரு வீட்டுக்கு ஒரு நாள் செலவுதான்.

கூலிக்கு ஆள் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரட்டையரைப் பார்த்த பழக்கம் உண்டா, என்னென்ன வேலை செய்வாள், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தாதி சொல்வதற்கு மாறாக மருந்து கொடுப்பவள் வேண்டவே வேண்டாம்.

நம் பாட்டிமார் சம்பளம் வாங்காமல் செய்த வேலைக்கு மேல்நாட்டில் இன்று பெயரும் உண்டு, பள்ளியும் உண்டு, பணமும் உண்டு. பெயர் எதுவானாலும், பிள்ளை பெற்றவளைத் தனியே விடக் கூடாது என்பதே அதன் சாரம். உங்கள் லயத்திலோ தாமானிலோ இரட்டை பிறந்த வீடு இருந்தால் இன்று சாயங்காலமே ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். அரை மணி நேரம் இரண்டு பிள்ளையையும் நீங்கள் வைத்துக்கொண்டு, அந்தத் தாயைப் படுக்கச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய சீர் எதுவும் இல்லை.